தொரையின் நிறை குறைந்த விபரம்

இயேசு மரி சூசை துணை

வஹகோட்டை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் கெத்தரினுக்கு அப்பா மைக்கல் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் தந்த பெலத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே மிலானில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் குளிரில் அகப்படாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம். இனி விசயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னாயே, எடுக்காதே. தொரை சாகப்போகிறது, கடைசியாக ஒருதரம் முகம் பார்க்கவேண்டும் என்று அந்த அம்மாவின் மகனிடம் அழுது லீவு வாங்கியிருக்கிறாய். அந்த அழுகையை அநியாயமாக்கியவன் உன் அப்பன்தான். போனில் சொல்லலாம். ஆனால் போனில் நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், நடுவில் "கேமராவத் தொரை பக்கம் திருப்புங்கப்பா" என்பாய், நான் திருப்பும்போது அது எழும்பிப் போய்விடும், அதன் பிறகு லைனும் போய்விடும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு நிஷ்மியா படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். முழுவதையும் வாசி.

ஆகஸ்ட் மாதம் மாத்தளையில் மிருக டாக்டர் நோனாவிடம் தொரையைக் கொண்டுபோய்க் காட்டியபோது நாலு கிலோ அறுநூறு இருந்தது. பதினாலு வயதுப் பூனை என்றால் மனுசரில் எழுபதைத் தாண்டிய கணக்கு, உள்ளே நோய் வருத்தம் இருந்தாலும் வெளியே காட்டாது, நிறை குறைவதுதான் முதல் அடையாளம், வீட்டிலேயே கிழமைக்கு ஒருதரம் நிறுத்து எழுதி வையுங்கள் என்று அவ சொன்னதை நான் உன்னிடம் சொன்னேன் பார், அதுதான் நான் செய்த முதல் பிழை. அன்று தொடங்கின உன் உத்தரவுகள். எத்தனை கோப்பை தண்ணீர் குடிக்கிறது, முதுகெலும்பைத் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிறதா, வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள், ஒண்ணுக்கு எத்தனை தரம் போகிறது என்று எண்ணுங்கள். எனக்கும் எழுபத்தொன்று நடக்கிறது மகளே. என் வாயைத் திறந்து எவர் பார்த்தது? போன வருடம் மூன்று கிழமை இருமினேன். "கொத்தமல்லி அவிச்சுக் குடிங்கப்பா" என்றதோடு சரி. தொரை ஒரே ஒருநாள் கக்கிவைத்ததற்கு "எத்தன மணிக்கு? என்ன நிறம்? முடி கெடந்துச்சா?" என்று பொலிஸில் வாக்குமூலம் எடுப்பதுபோல விசாரித்தாய். ஒண்ணுக்குப் போவதை எண்ணச் சொன்னாயே, அதற்காக நான் வாழை மரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்ததை நிஷ்மியாவின் உம்மா மதிலுக்கு மேலால் கண்டுவிட்டா. "மைக்கல் அண்ணே, அங்கன என்ன செய்றீங்க?" என்றா. "தொரை ஒண்ணுக்குப் போறாரான்னு பாக்குறேன்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல? மூன்று நாளாக அவ மதில் பக்கமே வரவில்லை.

நிறுக்கிற வேலையை மட்டும் நான் பெருமையோடுதான் ஏற்றுக்கொண்டேன். முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்ற கணக்கப்பிள்ளைக்கு ஒரு பூனையை நிறுக்கத் தெரியாதா? பழைய தூக்குத் தராசைக் கழுவி எண்ணெய் போட்டு விறாந்தைக் கூரை மரத்தில் கொளுவினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன், வெறும் வயிற்றில், உரப்பைக்குள் பூனையை இறக்கி, பையின் வாயைப் பிடித்துக் கொக்கியில் மாட்டவேண்டும். கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா? கொழுந்து கடிக்காது புள்ள. முதல் ஞாயிறே அது பைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே விட்டு என் மூக்குக் கண்ணாடியைத் தட்டியதில் கண்ணாடி சீமெந்துத் தரையில் விழுந்து இரண்டாகிவிட்டது. புதுக் கண்ணாடிக்கு ஓடர் கொடுத்து இன்றைக்கு ஏழு கிழமை, இன்னும் வந்தபாடில்லை. அன்றிலிருந்து முள் காட்டுவதை அம்மா பார்த்துச் சொல்லுவாள், நான் பையின் நிறைக்குக் கழிவு போட்டு மிச்சத்தைக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதுவேன். இந்த ஒழுங்குக்கே அவள் சும்மா இருந்தாளா? "மழையில நனைஞ்சு நனைஞ்சு நான் எடுத்த கொழுந்துலயும் இப்படித்தான் கழிச்சீங்க. இப்ப பூனையிலயும் கழிக்கிறீங்க" என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பாட்டம். கலியாணம் முடித்து முப்பத்தேழு வருடமாகியும் அந்தக் கழிவை அவள் மறக்கவில்லை.

முதல் ஞாயிறு நாலு அறுநூறு. அடுத்தது நாலு இருநூறு. பிறகு மூன்று எண்ணூறு, மூன்று நானூறு. வருத்தம் என்று பூனையில் ஒன்றும் தெரியவில்லை, அதுதான் பயம், வெளியே காட்டாது என்று டாக்டரே சொல்லியிருந்தாவே. அம்மா நெத்தலி அவித்தாள், கோழி ஈரல் வதக்கினாள், முட்டை மஞ்சளைப் பிசைந்து விரலால் ஊட்டினாள். எனக்குச் சோறும் பருப்பும். ஒருநாள் ஈரல் வாசனைக்கு நான் சட்டியை எட்டிப் பார்த்ததற்கு "நோயாளி சாப்பாட்டுல கண்ணு வைக்கிறீங்களே, வெக்கமாயில்ல?" என்று கேட்டாள். நானும் மனது கேட்காமல் கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி ஏற்றி, மன்றாட்டுப் பெட்டியில் ஒரு துண்டும் எழுதிப் போட்டேன். நோயாளியின் பெயர் எழுதவேண்டும் என்று பெட்டியில் ஒட்டியிருந்தது. தொரை என்று எழுதினேன். அடுத்த ஞாயிறு பூசையில் சுவாமி அதை எடுத்து, "கடும் நோயினால் வாடும் நம் சகோதரர் தொரை அவர்களுக்கு உடல், உள்ள சுகம் தந்தருள வேண்டுமென்று ஆண்டவரை மன்றாடுவோம்" என்று வாசித்தாரே பார்! கோவில் முழுக்க ஒரே குரலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு மரியாயின் சேனைப் பெண்கள் ஐந்து பேர் தோடம்பழமும் மாரி பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் வேலை செய்த தோட்டத்துப் பழைய பெரியதொரை யாரோ பாரிசவாதம் வந்து எங்கள் வீட்டில் கிடப்பதாக ஊரெல்லாம் கதை. "வெள்ளக்காரத் தொரைங்களா, நம்மாளுங்களா?" என்று ஒருத்தி என் காதுக்குள் கேட்டாள். அம்மா உன் அறைக் கதவைத் திறந்து காட்டினாள். தலையணையில் மல்லாந்து கிடக்கிறது தொரை. வந்தவர்கள் வந்த காரியத்தை விட்டுப் போவார்களா? செபமாலையில் ஒரு பத்து சொல்லிவிட்டுத்தான் எழும்பினார்கள். தோடம்பழத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள்.

போன ஞாயிறு இரண்டு தொள்ளாயிரம். அதைத்தான் உனக்குச் சொன்னேன், நீ அழுதாய், நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். உண்மையைச் சொல்லுகிறேன், நானும் அழுதேன். நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிய வருடம் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டி அது, உன் கைபட்ட சாமானில் இந்த வீட்டில் உயிரோடு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நேற்று விடிந்ததும் கூடையில் போட்டுத் துவாயால் மூடிக்கொண்டு நாலந்தா சந்தியில் நின்று மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். கூடையில் என்ன என்று கொண்டக்டர் கேட்டான். கடைசிக் கட்டத்தில் இருக்கிற நோயாளி என்று சிங்களத்தில் சொன்னேன். பாவம், நல்ல பிள்ளை, ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கித் தந்தான். பக்கத்தில் இருந்த அம்மாவின் பையில் கருவாடு. பத்து நிமிடம் போகவில்லை, கடைசிக் கட்ட நோயாளி துவாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, அந்தப் பைக்குள் தலையை விட்டு, ஒரு முழுக் கட்டாக் கருவாட்டை இழுத்துக்கொண்டு சீட்டுக்குக் கீழே போய்விட்டது. அந்த அம்மா பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. மாத்தளை வரைக்கும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

டாக்டர் நோனா அதைத் தன் தராசு மேசையில் வைத்தா. ஐந்து கிலோ எண்ணூறு. இறக்கிவிட்டு மறுபடி வைத்தா. ஐந்து எண்ணூறேதான். என் கொப்பியை வாங்கிப் பார்த்தா, பூனையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. "ஐயா, நீங்க நிறுத்தது இந்தப் பூனயத்தானா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டா. இரத்தம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் நல்லம், இருதயம் நல்லம், ஒரு கடைவாய்ப் பல்லில் மட்டும் சொத்தை. இப்படியே தின்னக் கொடுத்தால் நிறை கூடித்தான் வருத்தம் வரும், ஈரலை இன்றோடு நிறுத்துங்கள் என்றா. வரிசையில் இருந்த ஆட்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். மழை! இரண்டாவது ஞாயிறிலிருந்து இங்கே அடைமழை. மடுவத்தில் மழை நாளில் பைக் கழிவோடு தண்ணிக் கழிவும் போடவேண்டும், இலையில் நிற்கிற ஈரத்துக்கு. முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்திருக்கிறது. விறாந்தைக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன், நனைந்தால் இருநூறு கிராம் கழிப்பேன். உள்ளே கட்டிலில் காய்ந்து கிடந்த பூனைக்குத் தண்ணிக் கழிவு போட்ட கணக்கப்பிள்ளை இந்த மலைநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இருநூறு கிராமால் இவ்வளவு இறங்குமா என்றால், இறங்காதுதான். தராசும் துருப்பிடித்தது, எனக்கும் மறதி, அதற்கு மேல் விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. குற்றம் முழுவதும் என்னுடையது.

ஆகவே லீவை வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த வயதான அம்மாவைத் தனியே விட்டுவிட்டு நல்ல சுகத்தோடு இருக்கிற ஒரு கொழுத்த பூனையைப் பார்க்க நீ வந்தாய் என்று தெரிந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? வேலை போய்விடும். நீ வருகிறாய் என்றதும் அம்மா உன் மெத்தையைத் தட்டி விரித்தாள், ஜன்னல் சீலை தைத்தாள், ஆறு வருடத்துக்குப் பிறகு வாறவளுக்கு என்ன சமைப்பது என்று மணிக்கொரு பட்டியல் சொல்லுகிறாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டித்தான் சொல்லவேண்டும். அதை நான் சமாளித்துக்கொள்ளுவேன்.

குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. மாதாவின் காவல் உன் வாசற்படியில் நிற்கட்டும் என்று நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா
மைக்கல்

பி.கு.: அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "இருநூறு கிராம் நீங்க கழிச்சது. மிச்சம் ரெண்டே முக்கால் கிலோ எங்க போச்சுன்னு ஏன் கேக்கல?" என்றாள். கேட்டேன். "முள்ளு காட்டுனத நான் சொல்லலங்க. உங்களுக்குத்தான் கண்ணாடி இல்லியே, ஒவ்வொரு கெழமையும் கொறச்சுக் கொறச்சுச் சொன்னேன். எனக்கு மூட்டு வலின்னு சொல்லிப் பாத்தேன், உங்களுக்குப் பிரஷர்னு சொல்லிப் பாத்தேன், லீவு கெடைக்காதும்மான்னுட்டா புள்ள. பூனைக்குன்னதும் கெடச்சிருச்சு பாத்தீங்களா? ஆறு வருசமாச்சுங்க, நான் என்ன செய்ய?" அதற்குப் பிறகும் துருவிக்கொண்டே இருந்தாள். தேங்காய் எப்போதோ முடிந்துவிட்டது, வெறும் சிரட்டையைத் துருவிக்கொண்டிருக்கிறாள்.

எனவே மேலே உள்ளதை நீ வாசிக்கவில்லை. தொரை இன்று காலை இரண்டு கிலோ எழுநூறு. டாக்டர் கைவிட்டுவிட்டா. டிக்கெட்டை வெள்ளிக்கிழமை வரைக்கும் வைத்துக்கொண்டிருக்காதே, இன்றைக்கே எடு.