முன்சக்கரம் பொருத்திய படலம்

முப்பத்திரண்டு பற்கள் ஒருங்கே எதிர்த்து நின்றாலும் கலங்காத நெஞ்சினர், அழுகிற வாயையும் அன்பாகப் பேசித் திறக்க வைக்கும் நாவினர், ஞாயிறுதோறும் வெள்ளைக் கோட்டைக் களைந்து கத்திரியும் இடுக்கியும் ஏந்தும் காகித விமானக் கோமான், எங்கள் பல் மருத்துவர் வாழ்க! அவர் கண்ணாடி நழுவாதிருக்க! அவர் பசைப்புட்டி உறையாதிருக்க!

அச்சடித்த அட்டைத் தாள்களை வெட்டி, மடித்து, ஒட்டி, வெட்டிய விளிம்பின் வெண்மை தெரியாதபடி சாயம் தீட்டி, சிறகும் வாலும் ஜன்னல் வரிசையும் வளர்த்து, சாப்பாட்டு மேசை முழுவதையும் தம் குடைக்கீழ்க் கொண்டுவந்துவிட்ட அப்பெருவீரருக்கு எஞ்சியிருந்தது மிளகளவு முன்சக்கரம் ஒன்றே. மதியம் சாப்பிட வரவிருந்தவரோ மனைவியின் அண்ணன். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவின் மேற்பார்வையாளர். பல் குத்தும் குச்சியை வாயோரம் செருகியபடியே உலகை அளப்பவர். அக்குச்சி ஈறுகளின் பகை என்று மருத்துவர் அதைத் தம் வீட்டிலிருந்து நாடு கடத்தியிருந்தார். அந்தக் கோபமோ என்னவோ, போன தடவை வந்தவர் பாதி முடிந்த விமானத்தைப் பார்த்து, "சின்னப் பசங்க வேலை மாப்பிள்ளை இது" என்று சொல்லிவிட்டுப் போனார். மருத்துவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. இன்று அதே கண்முன் விமானம் மூன்று சக்கரத்திலும் நின்றாக வேண்டும்.

காகிதம் ஒட்டுவோரின் பரம்பரைப் பகைவன் காற்று. ஆகவே, பசை காயும்வரை இவ்வீட்டில் மின்விசிறி சுழலாது என்று நாற்சுவரும் அதிர ஆணை பிறந்தது. அடுப்படியிலிருந்து வியர்வை வழிய வந்தாள் மனைவி.

"ஆணையெல்லாம் கிளினிக்ல வெச்சுக்கோங்க" என்று சுவிட்சைத் தட்டினாள்.

மூவிதழ்ப் பெருஞ்சூறாவளி முழங்கி இறங்கியது. தாள்கள் புறமுதுகிட்டன. முன்சக்கரம் விண்ணேகியது, அவ்விமானத்தில் உண்மையாகவே பறந்த உறுப்பு அது ஒன்றுதான். மண்டியிட்டும் தவழ்ந்தும், நாற்காலிக் காடுகளையும் சோபாவின் பாதாளத்தையும் துழாவிக் களைத்த வீரரின் முழங்கையில், பசையோடு பசையாக அது ஒட்டியிருந்ததைக் கண்டவளும் மனைவியே. விசிறியையும் அவளே நிறுத்தினாள்.

மூச்சடக்கி, இடுக்கியால் ஏந்தி, சக்கரத்தைப் பொருத்திக் கையை எடுத்தார் மருத்துவர். விமானம் ஒரு கணம் கம்பீரமாக நின்றது. பிறகு மூக்கை மெல்ல உயர்த்தி, வாலை மேசையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டது. மூக்கை மூடுமுன் உள்ளே இரும்புக் குண்டு வைத்துப் பாரம் கொடுக்கும்படி செய்முறைத் தாள் சொல்லியிருந்தது. அது கற்றுக்குட்டிகளுக்கானது என்று, தாளை மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுத்திருந்தார் நம் வீரர். இனி மூக்கைத் திறப்பதென்றால் கிழிக்கத்தான் வேண்டும். அழைப்பு மணி அடித்தது.

அண்ணன் உள்ளே வந்து நின்று பார்த்தார். மருத்துவர் முகம் பேயறைந்தாற்போல் இருந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை மனைவிக்கு.

"கிளம்பி மேலே ஏறுற மாதிரி செஞ்சிருக்கார்ணா" என்றாள்.

அண்ணன் குனிந்து மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சட்டைப் பையிலிருந்து, நாடு கடத்தப்பட்ட அந்தக் குச்சிகளில் ஒன்றை எடுத்து, அளவாக ஒடித்து, வாலுக்கடியில் முட்டுக் கொடுத்தார். மூக்கு இறங்கியது. மூன்று சக்கரமும் மேசையைத் தொட்டன.

"சரக்கு ஏத்துறப்போ நாங்களும் வாலுக்குக் கீழ கம்பு குடுப்போம் மாப்பிள்ளை. இல்லன்னா நிஜமும் இப்படித்தான் உக்காந்துடும்" என்றார். பிறகு முன்சக்கரத்தைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, "அச்சு அசலா இருக்கு" என்றார்.

ஈறுகளின் காவலருக்கு மனம் நிறைந்துபோயிருந்தது. தாழ்ந்த குரலில், "இன்னும் ரெண்டு குச்சி இருந்தா குடுங்க மச்சான்" என்றார்.

விமானத்தை அலமாரி மேல் வைத்துவிட்டு, விசிறியைப் போட்டுக்கொண்டு மூவரும் சாப்பிட்டார்கள்.