பலகை அண்ணனின் ஆறின டீ

இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே ஒரே கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பதுளை அலுவலகத்துப் பலகை அண்ணன்.

பஸ் நேரம், மழை நிலவரம், மண்சரிவு எச்சரிக்கை எல்லாவற்றையும் தமிழில் போடும் இணையத்தளம் எங்களுடையது. எழுதிப் போடுவது நான். அது படுத்துவிடாமல் பார்ப்பது அண்ணன். காலையில் வந்ததும் மேசைக்கு மேலே ஒரு பலகையில் எழுதுவார்: 'நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சு. கல்யாணம் இன்னும் இல்லை.' யார் எது கேட்டாலும் விரல் பலகைக்குப் போகும். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று முதலாளியே புலம்புவார்.

டீயும் அப்படித்தான். காலையிலேயே மொத்தமாகப் போட்டுப் பெரிய பிளாஸ்க்கில் ஊற்றிவிடுவார்.

"எல்லாருக்கும் ஒரே டீதானே? ஆளாளுக்கு அடுப்பு பத்த வச்சா வேலைய யாரு பாக்குறது?"

சாயங்காலம் அதைக் குடித்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒருநாள் மழை விடாமல் கொட்டியது. மாகாணமே எங்கள் பக்கத்தைத் திறந்தது. தளம் மூச்சடைத்து நின்றது. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இருக்கும் என் அம்மா போனில் கூப்பிட்டார். லயத்துக்குப் பின்னால் மலை.

"தம்பி, போன்ல வட்டந்தான் சுத்துது. ஒண்ணுமே வரல்ல."

"வெளிய போயிருங்கம்மா!"

"நீ பயத்துல சொல்றேன்னுவாங்கப்பா. எழுத்துல வந்தாத்தான் லயத்து ஆளுக எந்திரிப்பாங்க."

அதோடு லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன், போகவில்லை. "பெரிய மெஷின் வாங்குவோம்" என்று முதலாளி கத்தினார்.

"எதுக்கு?" என்றார் அண்ணன். "எல்லாரும் கேக்குறது ஒரே பக்கம். ஆளாளுக்குப் புதுசா செஞ்சு குடுத்தா மெஷின் செத்துரும். ஒருக்கா செஞ்சு வச்சு, அதையே எல்லாருக்கும் குடுப்போம்."

"எச்சரிக்கை மாறினா, பழசுல போய் நிக்குமேண்ணே?"

"மாறின நிமிஷமே பழச வீசிட்டுப் புதுச வைக்கணும். டீ ஆறலாம்டா. இது ஆறக்கூடாது."

கீபோர்டைத் தட்டித் தீர்த்தார். தளம் எழுந்தது. 'உடனே வெளியேறவும்' என்று வந்த எச்சரிக்கையை நான் போட்டதுமே எல்லார் கையிலும் அது போய் நின்றது. அம்மா போனை உயர்த்திப் பிடித்துக் காட்ட, லயமே எழுந்து பாடசாலைக்குப் போனதாம். விடிவதற்குள் மலை இறங்கி லயத்தின் பாதியை மூடிவிட்டது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.

நன்றி சொல்ல ஓடினேன். விரல் பலகைக்குப் போனது. 'பரவாயில்லை' என்று புதிதாக ஒரு வரி. என்னை மாதிரி எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார், பாவி மனுஷன்!

அம்மா இப்போது பதுளையில் என்னோடு இருக்கிறார். தினமும் காலையில் பலகையை எழுதி முடித்ததும் அண்ணன் என் மேசைக்கு வருவார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நேத்தே சொன்னேனேண்ணே" என்று ஒருநாள் சிரித்தேன்.

"அது நேத்துப் பதில்டா" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.