பெரியவரின் கைக்கடிகாரமும் பத்துத் தேங்காய்ப்பூத் துண்டுகளும்

துணிமணி விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அக்காவின் கல்யாணத்தையே ஒரு துண்டால் கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டிரெயினியாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. (அதற்குள் உலகத்தில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் மிச்சமில்லை.) எங்கள் ஊர் பாகலூரிலிருந்து அப்பா சொல்லி அனுப்பினார்: “சம்பந்தி வீட்டு ஆம்பளைங்களுக்கு மரியாதை செய்யணும். அங்கயே பத்து துண்டு எடுத்தாந்துடு. காட்டன்ல, கரை வெச்சது.”

கடையில் கரை வைத்த காட்டன் துண்டுகளைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ரொம்ப மெல்லிசு. பக்கத்து அடுக்கில் பொசுபொசுவென்று தேங்காய்ப்பூத் துண்டுகள். எங்கள் மேனேஜர் நாற்காலியின் முதுகில் எப்போதும் அப்படி ஒன்றுதான் விரித்திருக்கும். மேனேஜருக்கே அதுதான் மரியாதை என்றால் பாரூரிலிருந்து வரும் சம்பந்திகளுக்குக் கசக்குமா?

“இது காட்டன்தானே?” என்றேன்.

“ஒள்ளே காட்டன், சார்!” நல்ல காட்டன் என்று கடைக்காரர் கன்னடத்தில் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை. இரண்டுமே பருத்தி நூல்தான். ஒன்றில் நூல் அடக்கமாகப் படிந்து கிடக்கும்; மற்றதில் வளையம் வளையமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒன்று தோளுக்கு, மற்றது குளியலறைக்கு. இந்தப் பாடம் எனக்கு மணமேடையில்தான் கிடைத்தது.

கல்யாணத்தன்று காலையில்தான் பொட்டலத்தோடு போய் இறங்கினேன். பிரித்துப் பார்க்க அப்பாவுக்கு நேரமில்லை. முதல் மரியாதை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு. அந்த வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். நானே மேடையேறி அவர் தோளில் போர்த்தினேன். அவர் துண்டைத் தடவிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, நாங்க குளிக்காம வந்துட்டோம்னு சொல்றியா?”

(அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.) “இதுவும் காட்டன்தான் மாமா. எங்க மேனேஜர் சேர்லகூட இதான் கிடக்கும்.”

“அப்ப நான் சேரா?”

மேளம் நின்றது. அவர் மாப்பிள்ளையைப் பார்த்து, “எந்திரிடா, போலாம்” என்றார். தாலி இன்னும் தட்டில்தான் இருந்தது. அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

பெரியவர் துண்டை உருவி என் முகத்தில் வீசினார். அது வரவில்லை. துண்டின் வளையங்கள் அவருடைய கைக்கடிகாரத்தின் சங்கிலிப் பட்டையில் வசமாக மாட்டியிருந்தன. உதறினார். முழ நீளத்துக்கு நூல்தான் உருவிக்கொண்டு வந்தது. கோபமாக மேடையை விட்டு இறங்கினார். துண்டும் கூடவே இறங்கியது. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கினேன்.

“அசையாதீங்க மாமா, எடுத்துடறேன்” என்று ஒவ்வொரு வளையமாகப் பிரித்தேன். அழுகை வந்துவிட்டது. “அக்காவ விட்டுட்டுப் போயிடாதீங்க மாமா. அப்பா சரியாத்தான் சொன்னாரு. பெருசா செய்யணும்னு நான்தான் இத வாங்கினேன்.”

சித்திரை வெயில். பெரியவருக்கு நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. என்னையே பார்த்தபடி, தன்னை அறியாமல் துண்டின் ஒரு நுனியால் முகத்தைத் துடைத்தார். பிறகு கழுத்தை. பிறகு, யோசித்துவிட்டு, பிடரியையும். மண்டபமே மூச்சுவிடாமல் பார்த்தது.

“சும்மா சொல்லக் கூடாது. நல்லாத்தான் உறிஞ்சுது” என்றவர் மேடையேறி உட்கார்ந்தார். “மேளத்த வாசிங்கடா!”

இப்போது அக்காவுக்குப் பேரன்கூட இருக்கிறான். இன்றைக்கும் எந்த விசேஷத்திலாவது யாருக்காவது போர்த்த நான் துண்டோடு எழுந்தால் போதும். முன்வரிசையிலிருந்து அக்காவின் குரல் வந்துவிடும்:

“வாட்ச்ச கழட்டி வெச்சிடுங்க, என் தம்பி வரான்!”