எதிரொலிப் பல்கலைக்கழகம்

மூன்று மலைகளுக்கு நடுவே முழங்கிநாடு என்றொரு தேசம் இருந்தது. அங்கே மன்னர் ஒரு வார்த்தை சொன்னால் மலைகள் மூன்று முறை திருப்பிச் சொல்லும். தமக்கு மக்கள் ஆதரவு அதிகம் என்று மன்னர் நம்பியது இதனால்தான்.

ஒரு கோடையில் கமறல் காய்ச்சல் பரவியது. பல்கலைக்கழகத்தை மூடி, மாணவர்களை ஊருக்கு அனுப்பினார்கள். மறுவாரமே கல்வி அமைச்சர் பெருந்தகையார் அறிவித்தார்:

"ஆசிரியர் மலையுச்சியில் நின்று பாடம் நடத்துவார். மாணவர் அவரவர் வீட்டிலேயே எதிரொலி கேட்டுக் கற்பார். உலகம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது."

அரண்மனைத் தெருவில் கட்டிலில் படுத்திருந்தாலும் எதிரொலி கேட்டது. தொலைவிலிருந்த பள்ளத்தூரில் ஒரே ஒரு பாறையின் மேல்தான் கேட்டது. நெருங்கி நிற்கக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பதினோரு பேர், அந்தப் பாறையில் ஒருவர் கழுத்தில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவர்களில் தமயந்தி எலும்பு வைத்தியம் படிப்பவள். கடைசி வருடம். ஒருநாள் விலகிய தோள்மூட்டைச் சரிசெய்யும் பாடம். கூடப் படிக்கும் சங்கிலிமுத்து நோயாளியாக உட்கார்ந்திருந்தான்.

"...இழு... இழு..." என்றது மலை.

"மெதுவா இழுன்னாரா, ஓங்கி இழுன்னாரா?" என்றாள் தமயந்தி.

"ஏட்டி, தெரியாம இழுத்துராத! எனக்கு இருக்கதே ரெண்டு கைதான்."

பாடத்தைவிடப் பெரிய தொல்லை வருகைப்பதிவு. மலையுச்சியிலிருந்து எழுத்தர் பெயர் கூப்பிட்டதும் 'உள்ளேன்' என்று கத்த வேண்டும். தமயந்தி தினமும் தொண்டை வற்றக் கத்தினாள். ஆனால் பருவம் முடியச் சில நாள் இருக்கையில் வெளியான, தேர்வெழுதத் தகுதியில்லாதவர் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. வருகை, பூஜ்யம். படிப்பு அதோடு போய்விடும்.

முறையிட்டவளுக்கு அமைச்சகத்திலிருந்து பதில் வந்தது: 'குறைகளை எதிரொலி வழியாக மட்டுமே தெரிவிக்கலாம். அதற்கெனக் கருத்துக்கணிப்பு நடைபெறும்.'

நடைபெற்றது. மலையிலிருந்து மூன்று கேள்விகள் வந்தன.

"இக்கல்வியில் திருப்தி உண்டா?"

"இல்லை!" என்று பாறையே அதிரக் கத்தினார்கள்.

"ஏதேனும் குறை உண்டா?"

"உண்டு!"

"இதை நிரந்தரமாக்கும் விருப்பம் உண்டா?"

"இல்லவே இல்லை!"

மறுநாள் முரசறைபவர் வந்து முடிவை வாசித்தார்: "முதல் கேள்விக்கு மாணவர்கள் மரியாதையோடு மௌனம் காத்தார்கள். குறை உண்டா என்றதற்கு இல்லை என்றார்கள். நிரந்தரமாக்க விருப்பம் உண்டா என்றதற்கு உண்டு என்று முழங்கினார்கள். 'இல்லவே இல்லை' என்பது கூட்டம் கலைந்த பிறகு வந்ததால் சேர்க்கப்படவில்லை."

சங்கிலிமுத்து தலையில் கை வைத்தான். தமயந்தி விரல் விட்டு எண்ணி யோசித்தாள்.

"நம்ம சத்தம் போய்ச் சேருததுக்குள்ள அவங்க அடுத்த கேள்விக்குப் போயிருதாங்கல்லா. அப்போ என் பேருக்கு நான் போட்ட உள்ளேன் எல்லாம்?"

"உனக்கு அடுத்த பேரு யாரு?"

"தயாபரன். அமைச்சர் மகன்."

"அவன் மத்தியானம் வரைக்கும் தூங்குவானே! அதான் நூத்துக்கு நூறு வருகையா?"

உண்மைதான். தொலைவில் தேய்ந்து வந்த அவளுடைய மெல்லிய குரலைக் கேட்டு, 'தம்பிக்குக் காய்ச்சல் போல, இருந்தும் வருகிறார்' என்று எழுத்தர் குறிப்பே எழுதியிருந்தார்.

மறுநாள் தமயந்தி தன் பெயருக்குக் காத்திருக்கவில்லை. தனக்கு முந்தைய பெயரான தணிகைமலை காதில் விழுந்ததுமே "உள்ளேன்!" என்று கத்தினாள். அது சரியாக அவள் பெயரில் போய் விழுந்தது. அடுத்து, "தயாபரன்!" என்றார் எழுத்தர். மலைகள் மூன்றும் அமைதியாக இருந்தன.

அன்று மாலையே அவசரக் கூட்டம்.

"நூறு நாள் வந்த பிள்ளை ஒரே நாளில் எப்படிக் காணாமல் போவான்?" என்று அமைச்சர் மேசையைத் தட்டினார். "இந்தத் திட்டம் பழுதானது! மாணவர் நலனில் யாருக்கும் அக்கறையே இல்லையா?"

எழுத்தர் பதிவேட்டை மூடினார். "திட்டம் தங்களுடையது, ஐயா."

"அதனால்தான் இத்தனை நாள் பொறுத்தேன்."

அவர் மகனை விசாரிக்காமலிருக்க ஒரே வழிதான் இருந்தது. வருகைப்பதிவேடு மொத்தமும் ரத்து. எல்லோரும் தேர்வெழுதலாம். பல்கலைக்கழகம் திறக்கும். காய்ச்சல் போய் இரண்டு மாதமாகியிருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பள்ளத்தூர்ப் பாறையில் செய்தி கேட்டு ஒரே ஆட்டம். தமயந்தி இழுத்த இழுப்பில் சங்கிலிமுத்துவின் தோள் நிஜமாகவே விலகியது. அவளே ஒரு நொடியில் சரிசெய்தாள்.

முரசறைபவர் ஓலையைத் திருப்பினார். "இன்னும் ஒண்ணு இருக்கு. பாடத்துக்குத் தோதுப்படாத எதிரொலி முறை வீணாகாமலிருக்க, அடுத்த மாதத் தேர்தலை அதிலேயே நடத்த மன்னர் ஆணை. மன்னர் உட்பட எல்லா வேட்பாளர் பெயரையும் மலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். வேண்டியவர் பெயருக்கு மக்கள் 'ஆம்' என்று கத்த வேண்டும்."

பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தமயந்தி முரசறைபவருக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"குடிங்கண்ணே. குடிச்சிட்டுச் சொல்லுங்க. மன்னர் பேருக்கு முந்தின பேரு யாரு, பிந்தின பேரு யாரு?"