கதவு ரப்பரும் மூன்று ஓட்டும்

உலகத்தின் பெரிய திருப்பங்களுக்கெல்லாம் நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நெருப்பைக் கண்டுபிடித்தவன் மட்டும் குறித்துவைக்க மறந்துவிட்டான். அந்தத் தவறு இங்கே நேர வேண்டாம் என்பதால் முதலிலேயே பதிவு செய்துவிடுகிறோம்: செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. புறவழிச் சாலையில் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு பழைய காரில், ஓட்டுபவர் சொன்ன ஒரு வாக்கியம் பின் சீட்டுப் பெண்ணுக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

"என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

ஓட்டியவர் ஆவணப் பிரிவின் தலைவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'தீர்மானம்'. எந்தக் கூட்டமானாலும் நடுவில் எழுந்து, "ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன்" என்பார். அவர் எழுந்ததைப் பார்த்ததும் மற்றவர்களும் எழுவார்கள், டீ குடிக்க. இருபத்தேழு வருஷ சர்வீஸில் அவருடைய தீர்மானம் ஒன்றுகூடத் தோற்றதில்லை. தோற்கடிப்பதற்கு அறையில் ஆள் இருந்தால்தானே.

காரில் மட்டும் நிலவரம் வேறு. ஆறு வருஷமாக மூன்று பேர் அவருடன் அலுவலகம் வருகிறார்கள். பக்கத்து சீட்டில் கேஷியர். பின்னால் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கும் பெண். அலுவலகத்துக்கே அவள் 'தங்கச்சி'. அவளுக்கு அந்தப் பக்கம் தபால் பிரிவு அம்மா. முக்கால் மணி நேரப் பயணம். முக்கால் மணி நேரமும் தீர்மானம் பேசுவார். கேஷியர் "அதானே" என்பார். தங்கச்சி சிரிப்பாள். தபால் அம்மா வாய் திறந்ததில்லை. ஆனால் கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் அவருடைய தலை இணக்கமாக ஆடிக்கொண்டிருக்கும். டீ குடிக்க எழுந்து போக முடியாத மூன்று ஆத்மாக்கள்.

இந்த நேரம் பார்த்துச் சங்கத் தேர்தல் வந்திருந்தது. செயலாளர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி: தீர்மானம், ஸ்டோர் கீப்பர். ஸ்டோர் கீப்பருக்குக் கொள்கை, திட்டம் என்று எதுவும் கிடையாது. யார் என்ன கேட்டாலும் "பார்த்துக்கலாம்" என்பார். அதைக் கேட்டுவிட்டு ஜனங்கள் நிம்மதியாகப் போய்விடுவார்கள். தீர்மானத்துக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது.

மொத்தம் நாற்பத்து மூன்று ஓட்டு. பேரேடு போட்டுப் பார்த்துவிட்டார். அவருக்கு இருபது, ஸ்டோர் கீப்பருக்கு இருபது.

"மிச்சம் மூணும் என் கார்லதான் வருது" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். செயலாளராகிவிட்டால் கூட்டத்தை நடத்துபவரே அவர்தான். அவர் பேசி முடிக்கிறவரை யாரும் எழுந்து போக முடியாது. ஒரே ஒரு தடவை, ஓர் அறை நிறைய ஆட்கள் கடைசி வரி வரைக்கும் உட்கார்ந்து தன் பேச்சைக் கேட்க வேண்டும். வெளியே சொல்லிக்கொண்டது உழைப்பாளர் நலன். உள்ளே இருந்தது இந்த ஆசைதான்.

அப்படிப்பட்ட மூன்று ஓட்டில் ஒன்று, "என்ன சார் சொன்னீங்க" என்று கேட்கிறது.

அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை. நூற்றுக்குப் பத்து வார்த்தை சாலைச் சத்தத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால்கூட, ஆறு வருஷத்தில் எவ்வளவு கருத்து நடுரோட்டில் சிந்தியிருக்கும்? சாயங்காலம் வீட்டு வாசலில் காரைச் சுற்றிவந்து பார்த்தார். பதினான்கு வருஷ வண்டி. கதவு ரப்பரெல்லாம் காய்ந்து பழைய செருப்புத் தோல் மாதிரி விறைத்திருந்தது. இடது முன் கதவை மூடிய பிறகும் சந்துக்குள் சுண்டுவிரல் போனது. லாரிச் சத்தம் அந்த வழியாக உள்ளே ஏறி, அலுவலகம் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது.

"கொஞ்சம் மெதுவா ஓட்டினா சத்தம் வராதுல்ல?" என்றார் மனைவி.

"பிரச்சினையோட வேரைப் பிடிக்கணும். நுனியைப் பிடிக்கக் கூடாது."

"வேரைப் பிடிங்க. பிடிச்சிட்டுக் கை கழுவிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது."

உதிரிபாகக் கடைக்காரர் அனுபவசாலி. கதவோரத்தில் ஒட்டுகிற ரப்பர் பட்டையில் இரண்டு தினுசு எடுத்துப் போட்டார். உள்ளே குழாய் மாதிரி காலியாக இருக்கும், பின்பக்கம் பசை. ஒட்டுகிற இடத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், ஒரு நாள் கதவைத் திறக்காமல் விட வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "உங்க வண்டிக்கு மெல்லிசு போதும் சார்" என்றார்.

"என் வாழ்க்கையில போதும்ங்கற வார்த்தைக்கு இடமில்ல" என்று தடிமனானதை வாங்கி வந்தார் தீர்மானம்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு கதவுக்கும் ஒட்டினார். துடைப்பதை எல்லாம் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். முதுகு ஒடிந்தது. ஒட்டி முடித்து நிமிர்ந்து கதவை மூடினார். மூடவில்லை. இடுப்பால் தள்ளினார். கதவு அவரைத் திருப்பித் தள்ளியது.

ஓங்கி அறைந்தால் மூடிக்கொண்டது. ஆகவே திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு ஆளையும் ஏற்றும்போது தெருவே திரும்பிப் பார்த்தது. கேஷியர் மரியாதைக்காரர், அடுத்தவர் வண்டிக் கதவை அறைய அவருக்கு மனசு வரவில்லை. முதல் தடவை மெதுவாக, இரண்டாம் தடவை நடுத்தரமாக. மூன்றாம் தடவை அறைந்த அறையில் கதவு மூடிக்கொண்டது, ஜன்னல் கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிட்டது.

அன்றைக்குத் திறந்த ஜன்னலோடு போனார்கள். அதுவரை சந்து வழியாக வந்த லாரிகள் அன்று வாசல் வழியாகவே வந்தன.

கண்ணாடியை மெக்கானிக் தூக்கி நிறுத்தினார். ரப்பரைக் கழற்றவா என்று கேட்டதற்குத் தீர்மானம் மறுத்துவிட்டார். பின்வாங்குவது அவர் அகராதியில் இல்லை. அதற்குப் பதிலாக, கதவு வந்து மாட்டுகிற கொக்கியைத் திருகாணியைத் தளர்த்திக் கொஞ்சம் வெளியே நகர்த்தினார். இப்போது கதவு சுலபமாக மூடியது. ஆனால் வண்டியின் உடம்போடு ஒட்டாமல் ஒரு நூல் அளவு வெளியே நின்றது. அந்த நூல் இடைவெளியில் காற்று புகுந்து விசில் அடித்தது.

நாற்பது கிலோமீட்டரில் குக்கர் விசில். அறுபதில் ரயில் விசில். ஐம்பதில் இரண்டுக்கும் நடுவே, யாரோ யாரையோ கேலி செய்வது போல ஒன்று. சாலையோரம் நடந்துபோன ஒரு பெண்மணி திரும்பி முறைத்தார். கேஷியர் தலையைக் குனிந்துகொண்டார். பிரசாரத்துக்கு இருந்தது பதினொரு நாள். அதில் நான்கு நாள் விசிலோடு போனது.

"ஏங்க, அந்த மூணு பேர்கிட்டயும் ஆபீஸ்லயே உக்கார வச்சுப் பேசிடலாமே" என்றார் மனைவி.

தீர்மானம் கார் பக்கம் போனார். ஆபீஸில் உட்கார வைத்தால் எழுந்துவிடுவார்கள் என்பதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

விசிலை அடக்க இரண்டாவது சுற்று ரப்பர் வாங்கினார். இந்தத் தடவை கதவின் அடி விளிம்பு முழுக்க, ஒரு துளை விடாமல் ஒட்டி அடைத்தார். அந்தத் துளைகள், கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிவதற்காக வண்டி செய்தவர்கள் யோசித்து வைத்தவை. அவர் யோசிக்காமல் அடைத்த மறுநாள் மழை பெய்தது. விசில் நின்றுவிட்டது. அதற்குப் பதில், வளைவுக்கு வளைவு நான்கு கதவிலும் தண்ணீர் களக் களக் என்று குலுங்கியது. நான்கு குடங்களை ஏற்றிக்கொண்டு போவது போல் இருந்தது. அலுவலக வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பியபோது, இடது கதவின் உள்பலகை வழியாக அரைக் குடம் கேஷியரின் பேன்ட்டில் இறங்கியது.

கேஷியர் கவுன்ட்டருக்கு உள்ளே ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார். மதியம் ஸ்டோர் கீப்பர் அந்தப் பக்கமாக வந்தாராம். பார்த்தாராம். போய் ஸ்டோரிலிருந்து ஒரு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து கேஷியரின் காலடியில் வைத்துவிட்டு, "பார்த்துக்கலாம்" என்றாராம்.

இந்தச் செய்தி தீர்மானத்தின் காதுக்கு வந்தபோது தேர்தலுக்கு ஆறு நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தோற்றுப்போன மனிதனாகத் தரையில் உட்கார்ந்து ஒட்டியதையெல்லாம் பிய்த்தார். துடைக்காமல் ஒட்டிய ரப்பர் தானாகவே உரிந்து வந்தது. அந்த ஒரு உபகாரம். கடைக்காரர் சொன்னதை இப்போது ஒவ்வொன்றாகச் செய்தார். மெல்லிசுப் பட்டை. ஸ்பிரிட் தொட்டு விளிம்பு முழுக்கத் துடைப்பு. கொக்கி பழைய இடத்துக்கு. அடித் துளைகள் திறப்பு. எந்த இடத்தில் சந்து இருக்கிறது என்று பார்க்கவும் கடைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார்: ஒரு காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். சும்மா வந்தால் சந்து. வராவிட்டால் சரி.

வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 'சிந்திப்பீர், வாக்களிப்பீர்' என்று அச்சடித்த துண்டறிக்கை முந்நூறு கட்டாகக் கிடந்தது. நாற்பத்து மூன்று பேருக்கு முந்நூறு அடித்தது ஏன் என்று மனைவி அப்போதே கேட்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கதவில் வைத்து இழுத்தார். அவருடைய புகைப்படம் சில இடங்களில் முழுசாக வந்தது, சில இடங்களில் கழுத்துவரை வந்தது. எல்லா இடத்திலும் கிழிகிற வரைக்கும் ஒட்டினார்.

பிறகு ஒரு நாள் கதவைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை நால்வரும் பஸ்ஸில் போனார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை கேஷியர் ஏறிக் கதவை இழுத்தார். 'தப்' என்று ஒரே ஒரு சத்தம், தலையணையில் தட்டியது போல. அப்புறம் ஒன்றுமில்லை. புறவழிச் சாலையில் அறுபதைத் தொட்டார்கள். பக்கத்தில் லாரி போனது. படம் மட்டும் ஓடியது. தங்கச்சியின் கைக்கடிகாரம் கேட்டது. கேஷியர் காலை மாற்றிப் போட்டபோது முட்டி சொடுக்கியது கேட்டது.  தீர்மானத்தின் பத்து நாள் முதுகுவலி ஒரு நொடியில் இறங்கிப்போனது.

பேச ஆரம்பித்தார்.

செவ்வாய், புதன், வியாழன். போக முக்கால், வர முக்கால். அவசரமே இல்லாமல், குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தை கீழே சிந்தாமல் தன் திட்டத்தை முழுசாக விரித்தார். சாப்பாட்டு இடைவேளையை அரை மணியிலிருந்து கால் மணியாக்க வேண்டும்; சாப்பிடவா சம்பளம்? கேஷ் கவுன்ட்டரை மூன்று மணிக்கு மூடுவது சோம்பேறித்தனம், ஆறு வரை திறந்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவில் நான்கு பேர் செய்வதை இரண்டு பேர் செய்யலாம். தபால் பிரிவு என்று ஒன்று எதற்கு? உறை ஒட்டுகிற வேலை. அதை ஆவணப் பிரிவுக்குக் கீழே, தன் கீழே, கொண்டுவந்துவிடலாம். உழைப்பாளிக்கு முதல் எதிரி ஓய்வு.

யாரும் குறுக்கே பேசவில்லை. கேஷியரின் 'அதானே'கூட வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார்: தங்கச்சி நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தபால் அம்மாவின் தலைகூட ஆடவில்லை. கருத்து அவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று புரிந்துகொண்டார். வியாழக்கிழமை வீட்டில் வெகுநாள் கழித்து இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"மூச்சு விடாம கேக்கறாங்க" என்றார் மனைவியிடம்.

வெள்ளிக்கிழமை ஓட்டு எண்ணினார்கள். ஸ்டோர் கீப்பருக்கு இருபத்து மூன்று. தீர்மானத்துக்கு இருபது. அவருடைய கணக்கில் ஒரு பிசகும் இல்லை; மூன்று மட்டும் இடம் மாறியிருந்தது. ஸ்டோர் கீப்பர் எழுந்து "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஏற்புரை முடிந்தது. கடைசி வரி வரைக்கும் யாரும் எழவில்லை.

சாயங்காலம் மூவரும் வழக்கம்போல வந்து ஏறினார்கள். தப். தப். தப். பாதி தூரம் வரை தங்கச்சியின் கைக்கடிகாரம்தான் பேசியது. புறவழிச் சாலை சிக்னலில் வண்டியை நிறுத்தியவர், திரும்பாமலே, களைத்துப்போன குரலில் கேட்டார்.

"ஓட்டு போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆறு வருஷமா இதே கார்ல, இதையேதான் பேசிட்டு வர்றேன். ஒரு வரி மாத்தல. அப்பல்லாம் தலையாட்டினீங்க, சிரிச்சீங்க, அதானேன்னீங்க. இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

கேஷியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி கைப்பைக்குள் எதையோ தேடினாள். தபால் பிரிவு அம்மாதான், ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, வாய் திறந்தார்.

"அப்ப எங்க மூணு பேருக்குமே ஒரு வார்த்தை கேக்காது சார். நல்லதாத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சிட்டிருந்தோம்."