நாலு வீடு தள்ளி விசாரித்த ஆட்டக்காரன்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை மறைத்துப் பயனில்லை, மெல்பேர்னில் பாதித் தமிழருக்குத் தெரியும். கடைக்காரர் "தக்காளி நல்லது" என்றால் அடுத்த கடைக்குப் போவேன். "அவ்வளவு நல்லதில்லை" என்றால், நல்லதை வேறு யாருக்கோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைப்பேன். இதனால் எங்கள் வீட்டில் தக்காளி இல்லாமலே சொதி வைத்த நாட்கள் உண்டு.

எழுபதுகளில், படிப்பு முடிந்து வேலையும் கிடைத்து, கல்யாணமும் ஆன புதிதில், ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் ஒட்டிக்கொண்டேன். விளையாட அல்ல. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் மேலதிக ஆட்டக்காரனாக உட்கார்ந்திருந்ததுதான் என் அனுபவம் (உட்கார்ந்திருப்பதில் நான் கெட்டிக்காரன்). பார்க்கப் போன இடத்தில், பலகையில் போட்ட புள்ளிகளை நம்பாமல் தனியாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பலகை பிழை, நான் சரி. உடனே என்னைப் புள்ளி மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில்தான் சம்பளத்துக்கு விளையாடும் புதிய போட்டித் தொடர் ஒன்று தொடங்கியது. எந்தக் கழகத்திலும் சேராமல் வெளியில் நின்ற ஆட்டக்காரரைக் கழகங்கள் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். மெலிந்த அணிக்கு முதல் தெரிவு. முதல் வருடம் கடைசியாக வந்த நாங்கள்தான் எல்லாரையும்விட மெலிந்திருந்தோம். இந்த முறையும் கடைசியாக வந்தால் தொடரிலிருந்தே தூக்கிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஆகவே அந்த ஒரு தெரிவில்தான் கழகத்தின் உயிர் இருந்தது.

இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒருவன் டேல்: உயரம் நடுத்தரம், வேகம் அதிகம். மற்றவன் கிரெக்: கதவுக்குள் குனிந்து வருகிற உயரம். எங்கள் குழு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. தலைவர் ரொன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஆட்டத்தை எல்லாரும் பார்த்துவிட்டோம். ஆள் எப்படி என்று நீ போய் விசாரித்து வா. நீ யாரையும் நம்பமாட்டாய், அதுதான் எனக்கு வேண்டும். நீ சொல்கிற ஆளை எடுப்போம்." (ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் எழுதும்போது சற்று மரியாதை கூடிவிடுகிறது. நடுவில் இருந்த கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டேன்.)

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இந்த நாட்டுக்கு வந்த நாள் தொடக்கம் குளிர் எப்படி, உறைப்பு எப்படி என்பதைத் தவிர வேறெதிலும் ஒருவரும் என் அபிப்பிராயம் கேட்டதில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே முறையில் விசாரணையைத் தொடங்கினேன். அது கல்யாண விசாரணை.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையிடம் கேட்பதில்லை. நாலு வீடு தள்ளிக் கேட்போம். கேட்டதையும் அப்படியே எடுப்பதில்லை. ஒருவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் குறை சொன்னால், அவர் வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள், அதே மாப்பிள்ளையில் அவருக்கும் கண் என்று அர்த்தம்.

டேலின் தெருவுக்குப் போனேன். முனையில் 'மில்க் பார்' என்கிற சின்னக் கடை வைத்திருந்த கிரேக்கர், "தங்கமான பையன்" என்றார். பக்கத்து வீட்டுக் கிழவி, "என் புல்லை அவன்தான் வெட்டித் தருகிறான், ஒருநாளும் பிந்தமாட்டான்" என்றாள். அவனுடைய பழைய பயிற்சியாளர், "இவனைப்போல் ஒருவன் எனக்குக் கிடைத்ததில்லை" என்றார். ஒரு குறைகூட இல்லை! எனக்கு வேர்த்துவிட்டது. தெருவே சேர்ந்து எதையோ மூடி மறைக்கிறது என்று தெளிவாக விளங்கியது.

அடுத்த சனிக்கிழமை கிரெக்கின் வீடு. அவனுடைய தாய் கதவைத் திறந்து, உள்ளே கதிரையில் இருத்தி, தேநீரும் பிஸ்கற்றும் தந்தாள். பிறகு கையைப் பிசைந்துகொண்டு பேசினாள்.

"தயவுசெய்து அவனை எடுக்காதீர்கள். இடது முழங்கால் போய்விட்டது. படி இறங்கும்போது எனக்குச் சத்தம் கேட்கிறது. நீங்கள் கூப்பிட்டால் அவன் வருவான், மாட்டேன் என்று சொல்ல அவனுக்குத் தெரியாது."

"வேறு கழகத்தார் யாராவது வந்தார்களா?"

"ஒருவர் வந்தார். அவருக்கும் இதைத்தான் சொன்னேன்."

ஆகா! பெற்ற தாய் தன் மகனைப் பற்றி, அதுவும் கேட்க வந்தவனிடம், குறை சொல்வாளா? உலகத்தில் நடக்கிற காரியமா? மற்றக் கழகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கலைத்து அனுப்பப் பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கிரெக் பின்வளவிலிருந்து நொண்டி நொண்டி வந்தான். அளவுக்கு மீறி நொண்டினான். என்ன நடிப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"பெத்த தாயே சொல்லுறா, பிறகென்ன?" என்றாள்.

"பெத்த தாய் சொல்லுறதுதான் சந்தேகமாக் கிடக்கு. உன்ரை கொம்மா உன்னைப் பற்றி எனக்கு ஒரு குறையாவது சொன்னவவோ?"

"சொல்லுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை."

(அந்த இடத்தில் விவாதத்தை நிறுத்திக்கொண்டேன்.)

தெரிவு நாளன்று எல்லாக் கழகத்தாரும் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். நான் ரொன்னின் காதில் சொன்னேன், ரொன் எழுந்து "கிரெக்" என்றார். பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த கோப்பியை மடியில் ஊற்றிக்கொண்டார். "பாருங்கள், ஏமாற்றம்" என்று ரொன்னிடம் சொன்னேன். அவர் ஈரக் காற்சட்டையோடு துள்ளி எழும்பி "டேல்" என்று கத்தினார். பாவம், கிடைத்ததை எடுக்கிறார் என்று இரக்கப்பட்டேன்.

முதல் ஆட்டம். நடுவர் பந்தை மேலே எறிந்தார். கிரெக் எழும்பினான், அழகாகத்தான் எழும்பினான். இறங்கும்போது தாய் சொன்ன சத்தம் புள்ளி மேசைவரை கேட்டது. பலகையில் இன்னும் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. தரையில் கிடந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அம்மா உன்னிடம் சொல்லவில்லையா?"

எழும்பி ஓடவும் முடியவில்லை, ஒளிக்கவும் இடமில்லை. அன்று பட்ட வெட்கம் இன்றைக்கும் காதில் சுடுகிறது. அந்த முறையும் நாங்கள் கடைசி. கழகத்தைத் தொடரிலிருந்து தூக்கிவிட்டார்கள். டேல் பக்கத்து மேசைக்காரருக்காக இறுதி ஆட்டம்வரை பறந்து பறந்து விளையாடினான்.

சத்திரசிகிச்சை முடிந்து கிரெக் படுத்திருந்தபோது, மனைவி என்னை இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கட்டிலருகே தாய் இருந்தாள்.

"நான்தான் சொன்னேனே. ஏன் நம்பவில்லை?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. மாப்பிள்ளை, நாலு வீடு, புகழ்ச்சி, குறை எல்லாவற்றையும் ஒழுங்காக விளங்கப்படுத்தினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கிரெக் காலைப் பிடித்துக்கொண்டு "சிரிக்க வைக்காதே, வலிக்கிறது" என்று கத்தினான். மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அவள் அதை ரொன்னிடம் சொன்னாள். ரொன் ஊருக்கே சொன்னார்.

அதற்குப் பிறகு கழகத்தில் என் அபிப்பிராயம் கேட்காமல் ஒரு காரியமும் நடந்ததில்லை. சீருடையின் நிறம், புதிய பயிற்சியாளர், ஒன்றுகூடலுக்கு எந்த நாள் என்று எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். நான் சொல்வேன். அதற்கு நேர்மாறாகச் செய்வார்கள். மூன்றாம் வருடம் திரும்பவும் தொடருக்குள் வந்துவிட்டார்கள்.

மனைவியும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வாங்கியது, வைத்தியர் மாற்றியது எல்லாம் அப்படித்தான். பல வருடங்கள் கழித்து மகள் ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நான் ஒன்றும் கேட்கமுன்பே அவன் சொன்னான்: "அங்கிள், எனக்குச் சமைக்கத் தெரியாது. விடிய எழும்பவும் மாட்டன். முதலே சொல்லிப்போடுறன்." வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு மனிதன் சொன்னதை அப்படியே நம்பினேன். எனக்கு அவனை நன்றாகப் பிடித்துவிட்டது.

மனைவி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, ஆள் எப்பிடி?"

ஒரு கணம் யோசித்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "எனக்கென்னவோ ஆளிலை பெரிய சந்தேகமாக் கிடக்கு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்து, நேரே ரெலிபோனுக்குப் போய்த் தமக்கையிடம் சொன்னாள்: "இவருக்குப் பிடிக்கேல்லையாம். நல்ல இடம்தான்." அந்த வசனம் இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் எல்லாக் கல்யாண வீட்டிலும் ஓடுகிறது.

உண்மையை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மகளின் கல்யாண அல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் மனைவி ஒரு படத்தில் கையை நிறுத்துவாள். அதில் நான் மருமகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

"பிடிக்காத மருமகனோடை ஏன் இப்பிடிச் சிரிச்சனீங்கள்?" என்று கேட்பாள். பிறகு படத்தைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

இப்போது அவளுக்கு என்மேல் சந்தேகம்.