நான் வெடிமருந்து குடித்த கதை

ஊக்கமருந்துக்கு எதிராக மேடையேறிப் பேசுவது என் வேலையில் ஒரு பங்கு. சைக்கிள் அணியொன்றின் முகாமையாளர் என்ற முறையில் பள்ளிக்கூடம், கழகம் என்று போய், "ஒரு குளிசையைக்கூடத் தொடாதீர்கள்" என்று தொண்டை கிழியச் சொல்லி வருகிறேன். கைதட்டுகிறார்கள். நானே ஒருமுறை தொட்டவன் என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

சண்டைக் காலம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டு சோபாவில் ஒன்றரை வருடமாகப் படுத்திருந்தேன். சைக்கிள் ஓடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அத்தான் நல்ல மனிதர். ஆனால் தினமும் காலையில் சோபாவின் கால்மாட்டில் நின்று ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் வேலைக்குப் போவார்.

அப்போதுதான் ஒரு கம்பனி சம்பளத்துக்கு சைக்கிள்காரர்களை எடுக்கப் போகிறது என்ற செய்தி வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்புக்குப் போய்த் திரும்பும் போட்டியில் முதல் நான்கு பேருக்கு இடம். நான் எப்போதும் ஆறாவதாக வருகிறவன். (யாருக்காவது டயர் வெடித்தால் ஐந்தாவது.)

என் சிநேகிதன் ரிஸ்வான் புறக்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்குள் பாதி டாக்டராகிவிட்டான். ஒரு பட்டைக் குளிசையை என் கையில் வைத்தான்.

"மச்சான், இத போடு. ஒடம்புல சும்மா கெடக்கிற பாரமெல்லாம் போயிரும். ரெண்டு கிலோ கொறஞ்சா நீ பறப்பாய்."

"பாரம் எப்பிடியடா போகும்?"

"அது போயிரும். நீ ஏன் அதப் பத்தி யோசிக்கிற?"

யோசித்திருக்கலாம். ஒன்று போதும் என்று அவன் சொல்லியிருந்தான். ஒன்றே இப்படியென்றால் இரண்டு எப்படியிருக்கும் என்று கணக்குப் போட்டு, போட்டியன்று விடியற்காலையில் இரண்டை விழுங்கினேன்.

போட்டி தொடங்குவதற்குள் பக்கத்துத் தேநீர்க்கடையின் பின்பக்கம் மூன்று முறை போய் வந்துவிட்டேன். பதற்றம் என்று நினைத்தேன். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலனுக்குப் பின்னால் நான்காவது முறை. உயிரைக் கொடுத்து மிதித்து மற்றவர்களைப் பிடித்தபோது களனிப் பாலம் தெரிந்தது. அதோடு ஐந்தாவது முறையும் வந்தது. பாரம் எந்த வழியாகப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்தக் காலத்துக் கொழும்பில் எந்த மதிலுக்குப் பின்னால் எந்த முகாம் இருக்கிறதென்று தெரியாது. மதிலோரம் ஒதுங்க முடியாது. பாலத்தடி பாதுகாப்பாகப் பட்டது. நாட்டிலேயே அதிகமாகக் காவல் காக்கப்பட்ட ஒதுக்குப்புறத்தைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

"மொகத மெதன கரன்னே?" (இங்கே என்ன செய்கிறாய்?) முதுகுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஓர் இராணுவச் சிப்பாய்.

என்ன செய்கிறேன் என்பது பார்த்தாலே தெரியும். ஏன் என்பதுதான் கேள்வி. அடையாள அட்டை பின்னால் வரும் கழகத்து வான் வண்டியில், என் பைக்குள் இருந்தது. என் சிங்களமோ கொத்துரொட்டிக் கடையில் படித்தது. 'பெஹெத்' என்றால் மருந்து. 'மிரிஸ் வெடி' என்றால் உறைப்புக் கூடிவிட்டது. இரண்டையும் சேர்த்து, மருந்து கூடிவிட்டது என்று சொல்ல முயன்றேன். பதற்றத்தில் சொற்கள் இடம் மாறிவிட்டன.

"வெடி பெஹெத்," என்றேன்.

சிங்களத்திலும் அதற்கு வெடிமருந்து என்றுதான் பொருள். ஒரு துப்பாக்கி ஐந்தாகியது.

"கொஹேத?" (எங்கே?)

என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

ஐந்து பேரும் பாய்ந்து பின்னால் போனார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். (வேலை பாதியில் இருந்தது. இதற்கு மேல் விவரிக்க மாட்டேன்.) இன்றைக்குச் சிரிக்கிறேன். அன்றைக்கு, அந்த இடத்தில், அட்டையில்லாத ஒரு தமிழ் இளைஞனுக்கு அடுத்த நிமிடம் எதுவும் நடக்கலாம்.

நல்லவேளையாக வான் வந்தது. எங்கள் பயிற்சியாளர் சோமபால இறங்கி ஓடிவந்தார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். அட்டையைக் காட்டினார். சிப்பாய்களின் சார்ஜன்ட் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஏன் இறங்கினான் என்று கேட்டார். காலையிலிருந்தே நான் ஓடி ஓடிப் போனதைப் பார்த்திருந்த சோமபால என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உண்மைய சொல்லு. என்ன போட்டது?"

சலரோகம் (நீரிழிவு) என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

"குளிசை போட்டனான் ஐயா. ரெண்டு. பாரம் குறையுமெண்டு."

சோமபால என் பையிலிருந்து மீதிப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். சார்ஜன்ட் பெயரை வாசித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கால் வீக்கத்துக்கு, நீரை இறக்கவென்று அவருடைய அம்மா போடுகிற குளிசையாம், அம்மாவுக்கே அரைதானாம். சிப்பாய்களும் சிரித்தார்கள். முதலில் துப்பாக்கி நீட்டியவரே எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

சோமபால மட்டும் சிரிக்கவில்லை. என் முதுகிலிருந்த இலக்கத்தை ஊசி ஊசியாகக் கழற்றினார்.

"நீ ஆறாவதா வந்திருந்தாலும் நான் கம்பனியில ஒனக்காக கதைச்சிருப்பேன்," என்றார்.

துப்பாக்கியைவிட அதுதான் அதிகம் பயமுறுத்தியது. அந்த வருடம் முழுக்க என்னை எந்தப் போட்டியிலும் அவர் விடவில்லை. அடுத்த வருடம் வெறும் சோறும் பருப்பும் தின்று மூன்றாவதாக வந்து அந்தக் கம்பனியில் சேர்ந்தேன்.

போட்டி முடிவைப் பார்க்க வந்திருந்த அத்தான் நடந்ததைக் கேட்டு, கொட்டாஞ்சேனைச் சந்தியில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னும் நிறுத்தவில்லை. போன மாதம் அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். "இவர் நாடு முழுக்க ஊக்கமருந்துக்கு எதிராப் பேசுறவர்," என்று அத்தான் என்னைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார். நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "ஏனெண்டு கேளுங்கோவன்!" என்று அக்கா எடுத்துக் கொடுக்க, முழுக்கதையும் அரங்கேறியது, சார்ஜன்ட்டின் அம்மா உட்பட.

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு மாப்பிள்ளையின் தாயார் எழுந்து என் பக்கம் வந்தார். மிகுந்த மரியாதையோடு, தணிந்த குரலில் சொன்னார்:

"பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்குது தம்பி. கூச்சப்படாதேங்கோ."